டெல்லி சுற்றிப் பார்க்க: வயதான பெற்றோருடன் எது முதலில், எதை விடலாம்?

நெல்லைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி கடைசியில் அப்பா அம்மாவை டெல்லிக்கு அழைத்துப் போகிறேன். புதன் இரவு விமானத்தில் போய் இறங்குகிறோம். திங்கள் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் திரும்புகிறோம். தங்குவது கரோல் பாக்.

அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி உண்டு, ஆனால் "நடக்க முடியாது" என்று மட்டும் சொல்ல மாட்டார். அம்மாவுக்குக் கோயிலும் கடைவீதியும் இருந்தால் போதும். நான் போட்டிருக்கும் திட்டம் இது:

வியாழன்: செங்கோட்டை, ஜும்மா மசூதி, ராஜ்காட், இந்தியா கேட், குதுப் மினார், தாமரைக் கோயில்
வெள்ளி: ஆக்ரா, தாஜ்மகால்
சனி: அக்ஷர்தாம் கோயில், ஹுமாயூன் கல்லறை
ஞாயிறு: ஷாப்பிங்
திங்கள்: தேசிய அருங்காட்சியகம், காந்தி சுடப்பட்ட இடம், ரயில் அருங்காட்சியகம், இரவு ரயில்

சரியாக வருமா? திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.


தண்டவாளம்:

வெள்ளிக்கிழமை தாஜ்மகால் விடுமுறை. திங்கள்கிழமை தேசிய அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, ரயில் அருங்காட்சியகம் மூன்றுமே விடுமுறை. இந்த இரண்டையும் முதலில் மாற்றுங்கள் தம்பி, மற்றதை அப்புறம் பேசுவோம்.


சும்மா_வந்தேன்:

ஹாஹா, ஐந்து நாளில் இரண்டு நாள் பூட்டிய கதவு முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.


லோதி_நடை:

டெல்லியில் வேலை பார்ப்பவன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்களை அழைத்துப்போகும் பொறுப்பு என் தலையில்தான் விழும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் வியாழக்கிழமைப் பட்டியல் பழைய "டெல்லி தர்ஷன்" பஸ்காரர்களின் பட்டியல். செங்கோட்டை வடக்கே, குதுப் மினார் தெற்கே. நடுவில் பாதி டெல்லி. ஒரே நாளில் இரண்டையும் போட்டால் நீங்கள் பார்க்கப்போவது டிராஃபிக் சிக்னல்களைத்தான்.

டெல்லியை ஒரே ஊராக நினைக்காதீர்கள். ஒவ்வொரு ஆட்சியும் பழைய ஊரை விட்டுத் தள்ளிப்போய்ப் புதிதாக ஓர் ஊர் கட்டியது. தெற்கே மெஹ்ரௌலி, அங்கேதான் குதுப். கிழக்கே யமுனைப் பக்கம் நிஜாமுதீன், அங்கே ஹுமாயூன் கல்லறை. வடக்கே ஷாஜஹான் கட்டிய பழைய டெல்லி. நடுவில் ஆங்கிலேயர் கட்டிய புது டெல்லி. ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று வைத்துக்கொண்டால் அப்பாவின் முழங்காலும் தப்பிக்கும்.

என் யோசனை: வியாழன் நிஜாமுதீன் பக்கம். வெள்ளி புது டெல்லி. சனி ஆக்ரா. ஞாயிறு பழைய டெல்லி. திங்கள் குதுப், அப்புறம் மலை மந்திர் முருகன் கோயில். குதுப்புக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் வார விடுமுறை கிடையாது, அதனால்தான் திங்களுக்குக் குதுப்பை மிச்சம் வைத்தேன். செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம் மூன்றும் திங்களன்று மூடியிருக்கும். சரோஜினி நகர் மார்க்கெட்டும் திங்கள் லீவு, அம்மாவிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.


மாம்பலம்_மாமி:

பஸ் டூரை எல்லோரும் இப்படிக் கேவலமாகப் பேசுகிறீர்கள். நானும் என் அக்காவும் அதில்தான் போனோம். ஏறி உட்கார்ந்தால் இறக்கிவிடுகிறான், திரும்ப ஏற்றிக்கொள்கிறான். ஆட்டோக்காரனிடம் இந்தியில் சண்டை போட வேண்டியதில்லை. எல்லா இடத்தையும் கண்ணால் பார்த்தாயிற்று. வயதானவர்களுக்கு அது போதாதா?


லோதி_நடை:

மாமி, குதுப் வாசலில் இறக்கிவிட்டு "முப்பது நிமிஷத்தில் வந்துவிடுங்கள்" என்பார்களே, அந்த நேரத்தில் மினாரை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு ஓடி வரத்தான் முடியும். இந்தி பயம் என்றால் நாள் வாடகைக்குக் கார் வைத்துக்கொள்ளலாம். மூன்று பேருக்குக் கட்டுப்படியாகும்.


கல்வெட்டுப்பித்தன்:

குதுப் பேச்சு வந்துவிட்டதா, இனி என்னை நிறுத்த முடியாது.

மினார் 72.5 மீட்டர். உள்ளே 379 படிகள். 1981 டிசம்பரில் விளக்கு அணைந்து நெரிசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட 45 பேர் இறந்த பிறகு மேலே ஏற விடுவதில்லை. அதனால் முழங்கால் வலிக்காரர் எதையும் தவறவிட்டதாக நினைக்க வேண்டாம், வளாகம் பெரும்பாலும் சமதளம்தான். கீழிருந்தே பாருங்கள்: அடித்தளம் குதுபுதீன் ஐபக் தொடங்கியது, அதற்கு மேல் இல்துத்மிஷ். உச்சியில் மட்டும் வெள்ளைப் பளிங்கு தெரியும். 14ஆம் நூற்றாண்டில் இடி விழுந்து மேல்நிலை சேதமானபோது ஃபிரோஸ் ஷா துக்ளக் திருப்பிக் கட்டியது அது.

ஆனால் நான் சொல்ல வந்தது மினாரைப் பற்றி இல்லை. பக்கத்தில் இருக்கும் மசூதியின் தூண்களைப் பாருங்கள். 27 கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாக அதன் கிழக்கு வாசல் கல்வெட்டே சொல்கிறது. தூணில் சங்கிலியில் தொங்கும் மணி செதுக்கியிருக்கும். ஒரு தூணின் மேல் இன்னொரு தூணை நிறுத்தி உயரம் கூட்டியிருப்பார்கள், மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் வேலைப்பாடு பொருந்தாது. சில உருவங்களின் முகம் சிதைந்திருக்கும். நம் ஊர்க் கோயில் மண்டபங்களில் தூண் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே பிடிபடும்.

முற்றத்தில் இரும்புத் தூண். உயரம் 7 மீட்டர் சொச்சம், எடை 6 டன்னுக்கு மேல், வயது ஏறக்குறைய 1600 ஆண்டுகள். சந்திரன் என்ற அரசனைப் புகழும் சமஸ்கிருதக் கல்வெட்டு அதில் இருக்கிறது. இரண்டாம் சந்திரகுப்தன்தான் அவன் என்பது பெரும்பாலோர் கருத்து. துருப்பிடிக்காததற்குக் காரணம் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பது, அதனால் மேற்பரப்பில் காக்கும் படலம் ஒன்று உண்டாகிவிட்டது. முன்பெல்லாம் அதன்மேல் முதுகைச் சாய்த்து, கைகளைப் பின்னால் கோர்த்துக் கட்டிப்பிடித்தால் நினைத்தது நடக்கும் என்று வரிசையில் நிற்பார்கள். 1997இல் வேலி போட்டுவிட்டார்கள். தூணின் கீழ்ப்பகுதி பளபளப்பாக இருப்பது அத்தனை முதுகுகள் தேய்த்ததால்தான்.


சும்மா_வந்தேன்:

இந்தியா கேட்டைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். ஒரு வளைவு, அதைச் சுற்றி ஐஸ்கிரீம் வண்டி. காரிலிருந்தே தெரியும்.


கல்வெட்டுப்பித்தன்:

அந்த 42 மீட்டர் வளைவின் சுவரில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கியிருக்கின்றன. முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆப்கன் போரிலும் இறந்தவர்கள். நடுவில் ஐஸ்கிரீமும் கிடைக்கிறது, அவ்வளவுதான்.


ஓய்வு_ஹவில்தார்:

நெல்லைக்காரன் தம்பி, உங்கள் அப்பாவை இந்தியா கேட் பக்கத்திலேயே இருக்கும் தேசியப் போர் நினைவகத்துக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். 2019 பிப்ரவரியில் திறந்தது. அனுமதி இலவசம். வட்டத்துக்குள் வட்டமாக நான்கு சுற்று. அதில் தியாக சக்கரம் என்ற சுற்றில் கிரானைட் பலகை பலகையாகப் பெயர்கள், ஒருவருக்கு ஒரு பலகை. சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்நீத்தவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள்.

பெயர் தேட அங்கே தொடுதிரை இருக்கிறது. என்னோடு பயிற்சி எடுத்த ஒருவன் பெயரைத் தேடிப் பலகையைக் கண்டுபிடித்தேன். படம் எடுத்து ஊரில் இருக்கும் அவன் தம்பிக்கு அனுப்பினேன். உங்கள் அப்பாவும் சில பெயர்களை மனதில் வைத்திருப்பார். போகும் முன் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அங்கே போய் நினைவு வராமல் நிற்க வேண்டாம்.

ஒரு பக்கம் நாட்டின் மிக உயர்ந்த போர்வீர விருதான பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் சிலைகள் உண்டு. அதில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் சிலையைப் பாருங்கள். 1987இல் இலங்கையில் வீழ்ந்தவர். மாலையில் ஒரு சிறு சடங்கு நடக்கும். உயிர்நீத்தவரின் குடும்பத்தார் ஒருவரை அழைத்து மாலை வைக்கச் சொல்வார்கள். அந்த நேரத்துக்குப் போவது நல்லது.


நெல்லைக்காரன்:

ஐயா, மிக்க நன்றி. அப்பாவிடம் இப்போதே படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய் ஒரு பழைய டைரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

லோதி_நடை சொன்ன வரிசையையே எடுத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை புது டெல்லி என்றால் எதை எல்லாம் சேர்க்கலாம்?


லோதி_நடை:

காலையில் காந்தி ஸ்மிருதி. பழைய பெயர் பிர்லா மாளிகை. காந்தி கடைசி 144 நாள் தங்கியிருந்த வீடு. அறையிலிருந்து பிரார்த்தனைத் திடல் வரை அவர் கடைசியாக நடந்த வழியில் பாதச்சுவடுகளைச் சிமெண்டில் பதித்து வைத்திருக்கிறார்கள். பாதச்சுவடு நின்றுபோகும் இடத்தில் நினைவுத்தூண். ராஜ்காட்டுக்கு வரும் கூட்டத்தில் கால்வாசிகூட இங்கே வருவதில்லை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து ஜன்பத் சாலையில் தேசிய அருங்காட்சியகம். முழுவதையும் பார்க்க நினைக்காதீர்கள். சிந்துவெளிக் கூடம், வெண்கலக் கூடம், போதும். மொகஞ்சதாரோ நடனமங்கை 10.5 சென்டிமீட்டர்தான், பாடப்புத்தகப் படத்தைப் பார்த்துப் பெரிய சிலையைத் தேடிக்கொண்டே பலர் அதைக் கடந்து போய்விடுவார்கள். வெண்கலக் கூடத்தில் சோழர் காலத் திருமேனிகள் இருக்கின்றன. அம்மாவுக்கு அங்கே கொஞ்ச நேரம் கொடுங்கள்.

நீங்கள் போகும் பருவத்தில் ஜனாதிபதி மாளிகையின் அம்ரித் உத்யான் திறந்திருக்கும். பழைய பெயர் முகல் கார்டன். வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் சில வாரம் பொதுமக்களை விடுவார்கள். கட்டணம் இல்லை, ஆனால் இணையத்தில் நேரம் பதிவு செய்துகொண்டு போவது நல்லது. மாளிகையின் உள்ளே பார்க்க வேண்டும் என்றால் அதற்குத் தனிப்பதிவு, அடையாள அட்டை கேட்பார்கள். மொத்தம் 340 அறைகள். ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்த வீடு, ராதாகிருஷ்ணன், வெங்கட்ராமன், கலாம் எல்லோரும் இருந்த வீடு.

மாலையில் போர் நினைவகம், இந்தியா கேட். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.


மாம்பலம்_மாமி:

புது பாராளுமன்றத்தில் நம்ம செங்கோல் வைத்திருக்கிறார்களே, அதைப் பார்க்க முடியுமா?


லோதி_நடை:

நினைத்தவுடன் போய்ப் பார்க்க முடியாது மாமி. அது மக்களவையில் சபாநாயகர் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எம்.பி. யாரையாவது தெரிந்திருந்தால் பார்வையாளர் சீட்டு கேட்டுப் பாருங்கள். 2023 மே மாதம் அங்கே வரும் முன் பல ஆண்டுகள் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்தது, அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை.


தண்டவாளம்:

ஆக்ராவுக்கு: ஹஜ்ரத் நிஜாமுதீனிலிருந்து காலையில் கதிமான் எக்ஸ்பிரஸ். 160 கிலோமீட்டர் வேகம் வரை போகும், ஆக்ரா கண்டோன்மெண்டுக்கு 1 மணி 40 நிமிஷம். மாலையில் அதிலேயே திரும்பலாம். வெள்ளிக்கிழமை ஓடாது, தாஜ் விடுமுறை என்பதால். சனிக்கிழமை கூட்டம் அதிகம், இன்றே டிக்கெட் பாருங்கள்.

தாஜில் இந்தியர்களுக்கு 50 ரூபாய். கல்லறை இருக்கும் மேல்மேடைக்கு ஏற வேண்டும் என்றால் கூடவே 200. இந்த 200ஐ மிச்சம் பிடிக்கிறேன் என்று கீழேயே நின்றுவிடாதீர்கள். அங்கே போய் நின்றுவிட்டு மேலே போகாமல் வருவது அநியாயம். வாசல் வரை பேட்டரி கார் உண்டு.


சும்மா_வந்தேன்:

அக்ஷர்தாமை எல்லோரும் கைவிட்டுவிட்டீர்கள் போலிருக்கிறதே. என்னைக் கேட்டால் டெல்லியில் குடும்பத்தோடு போக அதைவிட ஒழுங்கான, சுத்தமான இடம் கிடையாது.


கல்வெட்டுப்பித்தன்:

2005இல் திறந்தது. 1600 வருஷத்துத் தூணையும் 2005ஆம் வருஷத்து மண்டபத்தையும் ஒரே தராசில் வைக்க என்னால் ஆகாது.


மாம்பலம்_மாமி:

பழசாக இருந்தால்தான் மரியாதையா? அங்கே கல்லில் வரிசையாக யானைகள் செதுக்கியிருக்கிறார்களே, அதை வேலை இல்லை என்பீர்களா? சக்கர நாற்காலி கொடுக்கிறார்கள், உட்கார இடம் இருக்கிறது, கழிப்பறை சுத்தம். எழுபது வயதுக்காரருக்கு இவையெல்லாம் கல்வெட்டை விட முக்கியம். ஒன்று மட்டும், போன், கேமரா, பை எதையும் உள்ளே விட மாட்டார்கள். ஒப்படைக்க ஒரு வரிசை, வாங்க ஒரு வரிசை. போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.


லோதி_நடை:

மாமி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குக் குறைந்தது அரை நாள் வேண்டும். வியாழன் மாலை ஹுமாயூன் கல்லறை வேண்டாம் என்று அவர்கள் நினைத்தால் அந்த இடத்தில் போடலாம். நான் விட மாட்டேன்.

ஹுமாயூன் கல்லறை 16ஆம் நூற்றாண்டு, தாஜுக்கு முன்னோடி. சனிக்கிழமை தாஜைப் பார்க்கும் முன் வியாழனன்று இதைப் பார்த்துவிட்டால் அங்கே எது புதிது, எது இங்கிருந்து போனது என்று தானாகத் தெரியும். கீழ்த்தளத்தைச் சுற்றி வளைவு வளைவாக அறைகள், அவற்றிலும் மேடையிலும் பெயர் எழுதாத கல்லறைகள் நிறைய. 1857 கலகத்தில் தோற்ற பகதூர் ஷா ஜஃபர் வந்து ஒளிந்து பிடிபட்டதும் இந்த வளாகத்தில்தான். மேடைக்கு ஏறும் படிகள் உயரம், அப்பாவுக்குச் சிரமம். அவரை வலப்பக்கம் இருக்கும் ஈசா கான் கல்லறைத் தோட்டத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஏறி வாருங்கள். 2024இல் பக்கத்திலேயே நிலத்தடி அருங்காட்சியகம் ஒன்று திறந்தார்கள், உள்ளே இறங்கச் சாய்தளம் இருக்கிறது. 2014 புயலில் ஒடிந்து விழுந்த குவிமாடத்தின் பழைய கலசத்தை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். 18 அடி. கீழிருந்து பார்க்கும்போது கைவிரல் அளவுதான் தெரியும், பக்கத்தில் நின்றால்தான் அளவு புரியும்.

அங்கிருந்து எதிரே சுந்தர் நர்சரி. பிப்ரவரியில் பூ பூத்துக் கிடக்கும். வியாழன் மாலை நிஜாமுதீன் தர்காவில் கவாலி பாட்டு நடக்கும், ஆனால் சந்து நெரிசல். பெரியவர்களோடு நான் போக மாட்டேன்.


நெல்லைக்காரன்:

அம்மா அக்ஷர்தாம் பக்கம், அப்பா கல்லறை பக்கம். வீட்டில் வாக்கெடுப்பு நடக்கிறது. ஞாயிறு பழைய டெல்லி என்றீர்கள். ஞாயிறு கடைகள் லீவு இல்லையா?


லோதி_நடை:

ஆமாம், சாந்தினி சௌக்கில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அதனால்தான் ஞாயிறு சொன்னேன், மூச்சு விட இடம் கிடைக்கும். துணி வாங்கத்தான் என்றால் வேறு நாள். பிரதான சாலையில் பகல் முழுக்க மோட்டார் வண்டி கிடையாது, சைக்கிள் ரிக்‌ஷா மட்டும்தான். செங்கோட்டை எதிரிலிருந்து ஃபதேபூரி வரை ரிக்‌ஷாவில் போய்த் திரும்புங்கள். வழியில் சமணர் கோயில், சீஸ்கஞ்ச் குருத்வாரா, கடைசியில் மசூதி, எல்லாம் ஒரே தெருவில். ஏறும் முன் வாடகையைப் பேசிவிடுங்கள். ஜும்மா மசூதிக்கு முப்பதுக்கு மேல் படி, அப்பா கீழேயே நிற்கட்டும். தொழுகை நேரத்தில் சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை.


ஓய்வு_ஹவில்தார்:

செங்கோட்டையில் எல்லோரும் திவானி காஸ் பளிங்கு மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். உள்ளே பழைய ராணுவக் குடியிருப்புக் கட்டடங்களில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. ஒன்று நேதாஜிக்கும் இந்திய தேசிய ராணுவத்துக்கும், 2019இல் திறந்தது. ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் என்ற அந்தப் படை அதிகாரிகள் மூவர் மீதும் 1945இல் வழக்கு நடந்தது இதே கோட்டையில். அந்தப் படையில் மலேயா, சிங்கப்பூர்த் தமிழர்கள் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். ஷாஜஹானுக்குப் பாதி நேரம், இதற்குப் பாதி நேரம் கொடுங்கள்.


ஆர்கேபுரம்_பழசு:

மலை மந்திர் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லையே. ஆர்.கே.புரத்தில் சின்னக் குன்றின்மேல் சுவாமிநாத சுவாமி. 1973இல் கும்பாபிஷேகம் ஆன கோயில், கருங்கல் வேலை, சோழர் பாணி. தோட்டத்தில் மயில் திரியும். "யாமிருக்க பயமேன்" என்று தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். மதியம் நடை சாத்திவிடுவார்கள். அதனால் திங்கள் காலை முதலில் கோயில், பிறகு குதுப் என்று மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே 1946இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கம், வாசலில் திருவள்ளுவர்.


நெல்லைக்காரன்:

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. திங்கள் அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டிகளை எங்கே வைப்பது? இரவு வரை தூக்கிக்கொண்டு திரிய முடியாது.


தண்டவாளம்:

முதலில் தங்கும் இடத்திலேயே கேளுங்கள், பெரும்பாலும் வரவேற்பில் வைத்துக்கொள்வார்கள். இல்லை என்றால் புது டெல்லி ஸ்டேஷனில் கிளோக் ரூம். பூட்டுப் போட்ட பெட்டிதான் எடுப்பார்கள், பயண டிக்கெட் காட்ட வேண்டும்.

ஸ்டேஷனுக்கு இரண்டு வாசல். பஹார்கஞ்ச் பக்கம் ஒன்றாம் பிளாட்பாரம், அஜ்மேரி கேட் பக்கம் பதினாறாம் பிளாட்பாரம். வண்டி எந்தப் பக்கம் நிற்கும் என்று பார்த்துவிட்டு ஆட்டோவுக்குச் சொன்னால் பாலம் ஏறுவது மிச்சம். வாசலில் யாராவது டிக்கெட்டை வாங்கிப் பார்த்து "இது கேன்சல் ஆகிவிட்டது, எதிரே அரசு சுற்றுலா ஆபீசுக்கு வாருங்கள்" என்றால் காதில் போட்டுக்கொள்ளாமல் நேராக உள்ளே போய்விடுங்கள்.


மாம்பலம்_மாமி:

வாக்கெடுப்பு முடிவு என்ன ஆச்சு?


நெல்லைக்காரன்:

வியாழன் ஹுமாயூன் கல்லறை, ஞாயிறு மதியத்துக்கு மேல் அக்ஷர்தாம். செங்கோட்டையைக் காலையிலேயே முடிக்கிறோம். தாமரைக் கோயிலை விட்டாச்சு.